நாட்டின் நலமும் குடிகளின் நலமும்: பிளேட்டோவின் வாதம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு நாடு செழித்தோங்குதற்பொருட்டு அந்நாட்டுக் குடிகளுட் சிலர் தம் நலத்தை இழத்தல் தகுமோ என்னும் வினா மிகப் பழையது. அரசியல் நூலோர் பலர் இதற்கு விடை காண முயன்றுள்ளனர். அவருள் தயக்கமின்றித் துணிந்து விடை கூறியவர் கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ. கி. மு. நான்காம் நூற்றாண்டில் அவர் இயற்றிய ‘குடியரசு’ என்னும் நூலின் நான்காம் பகுதி இவ்வினாவுடனேயே தொடங்குகின்றது. அங்கு அவர் கூறிய விடை எவ்வளவுக்கு ஏற்கத்தக்கது, எவ்விடத்தில் வழுவுகின்றது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் மூன்றாம் பகுதியின் இறுதியில், சோக்கிரதர் தாம் சொல்லால் அமைக்கும் நகரின் காவலர்க்குரிய வாழ்க்கை முறையை விதிக்கின்றார். அக்காவலர்க்குச் சொந்த நிலம் இல்லை. சொந்த வீடு இல்லை. பொன்னையும் வெள்ளியையும் அவர் தீண்டலும் ஆகாது. பாசறையில் வாழும் போர்வீரரைப் போல அவர் ஒருங்கே உண்டு ஒருங்கே உறைதல் வேண்டும். இதனைக் கேட்ட அதீமாந்தஸ் ஒரு தடையை எழுப்புகின்றான். நகரம் உண்மையில் இக்காவலர் கையில் இருக்கின்றது; இருந்தும் அதனால் வரும் பயன் எதனையும் அவர் நுகர்ந்திலர்; கூலிக்கு அமர்த்திய காவற்படையினர் போல அன்றோ இருக்கின்றனர்; இவர் எங்ஙனம் இன்புறுவர்? இதுவே அவன் வினா.

சோக்கிரதர் இதற்குக் கூறும் விடை புகழ்பெற்றது. நாம் நகரை அமைப்பது ஒரு வகுப்பாரை மட்டும் இன்பத்தில் திளைக்கச் செய்தற்கு அன்று. நகரம் முழுவதும் இன்புறுதற்கே என்கின்றார். இதனை விளக்க ஓர் உவமையையும் தருகின்றார். சிலைக்கு வண்ணந் தீட்டும் ஒருவனிடம் சென்று, கண்ணே உடலின் மிக அழகிய உறுப்பாயிற்றே, அதற்கு மிக அழகிய ஊதா நிறத்தைத் தீட்டாது கருநிறத்தைத் தீட்டியது ஏன் என்று வினவினால், அவன் யாது கூறுவான்? கண்ணைக் கண்ணாகத் தோன்றாதபடி அழகு செய்தல் கூடாது. ஒவ்வோர் உறுப்புக்கும் உரியதை அளித்து முழுச் சிலையையும் அழகுறச் செய்தலே என் தொழில் என்பான். நகரமைப்பும் அத்தகையதே என்பது சோக்கிரதர் கருத்து.

இவ்வாதத்தைக் குறைகூறுமுன் அதன் சிறப்பை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். உலகில் நாம் காணும் நாடுகளிற் பெரும்பாலும் நாட்டு நலன் என்னும் பெயரால் துன்பத்தைச் சுமப்போர் எளியோர்; அதன் பயனை நுகர்வோர் வலியோர். பிளேட்டோ இம்முறையைத் தலைகீழாக மாற்றுகின்றார். யாரிடம் அதிகாரம் உளதோ அவரே செல்வத்தைத் துறத்தல் வேண்டும் என்கின்றார். அன்றியும், இவ்வாறு வாழும் காவலரே மிக்க இன்பமுடையோராய் இருத்தலும் கூடும் என்று அவர் உரைக்கின்றார். ஆகவே பிளேட்டோவைக் குடிகளின் பகைவர் என்று எளிதிற் கூறிவிடுதல் பொருந்தாது.

ஆயினும் சிலை உவமையில் ஒரு பெருங்குறை உண்டு. சிலையின் கண்ணுக்கு உணர்ச்சி இல்லை. கருநிறம் பெற்றதனால் அது வருந்துவதில்லை. ஊதா நிறம் பெற்றிருப்பின் மகிழ்ந்திருக்கப் போவதும் இல்லை. சிலையின் அழகு காண்போனுக்கு உரியது; உறுப்புக்களுக்கு உரியது அன்று. நகரின் இன்பமோ அத்தகையதன்று. அதனை வெளியே நின்று கண்டு களிப்போன் ஒருவனும் இல்லை. அது யாரேனும் ஒருவர் உள்ளத்தில், ஒருவர் இல்லத்தில், நுகரப்பட்டாலன்றி எவ்விடத்தும் இல்லாததாகும்.

இக்குறையை முதன்முதல் தெளிவாக எடுத்துக் காட்டியவர் பிளேட்டோவின் மாணாக்கராகிய அரிஸ்டோட்டிலே. தமது ‘அரசியல்’ என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் அவர் ஆசிரியரின் கூற்றை நேரே மறுக்கின்றார். உறுப்பினர் எல்லோருமோ, மிகப் பலரோ, ஒரு சிலரேனுமோ இன்புறாதவழி முழு நகரமும் இன்புறுதல் இயலாது என்கின்றார். இதனை எண்களைக் கொண்டு அவர் விளக்கும் முறை நுட்பமானது. இரட்டைப்படை என்னும் தன்மை முழு எண்ணில் இருந்து, அதன் கூறுகளில் இல்லாது போகலாம். மூன்றும் ஐந்தும் ஒற்றைப்படை எண்கள். அவை கூடிய எட்டோ இரட்டைப்படை எண். இன்பம் அத்தகைய தன்மை உடையதன்று. துன்புறுவோர் பலரைக் கூட்டினால் இன்புறும் நகரம் ஒன்று தோன்றிவிடாது. காவலர் இன்புறாராயின், வேறு யார் இன்புறுவர் என்றும் அவர் வினவுகின்றார்.

இம்மறுப்பு வலிமையுடையதே. எனினும் அதனைக் கூறிய அரிஸ்டோட்டில் அதன் முழுப்பயனையும் எய்தினார் அல்லர். அதே நூலின் முதற் பகுதியில், உடலை நீங்கிய கை கையன்று என்பது போல, நகரே தனிமனிதனுக்கு முற்பட்டது என்று அவர் கூறுகின்றார். அடிமைகளை நகரின் உறுப்பினராக அவர் எண்ணவும் இல்லை. உறுப்பினர் இன்புறாது நகரம் இன்புறாது என்று கூறியவர், உறுப்பினர் யாவர் என்னும் வினாவில் தம் கதவை அடைத்துக்கொண்டார். பின்னாளில் பெந்தம் முதலியோர் ஒவ்வொருவரையும் ஒருவராகவே எண்ணுதல் வேண்டும் என்று கூறி அக்கதவைத் திறந்தனர். ஆயின் எல்லோருடைய இன்பத்தையும் ஒருங்கு கூட்டிப் பெருந்தொகை காண்பதே நெறி என்றமையால், ஒருவர் இழப்பை மற்றொருவர் ஊதியத்தால் ஈடுசெய்யலாம் என்னும் முடிவுக்கு இடமளித்தனர். அவ்வாறு கூட்டுதல் மனிதர் வெவ்வேறானவர் என்பதை மறத்தலாகும் என 1971 இல் வெளிவந்த தமது நீதி பற்றிய நூலில் அமெரிக்க அறிஞர் யோன் றோல்ஸ் கண்டித்தார்.

அவ்வாறாயின், பொது நலத்தின் பொருட்டு எவரிடமும் எதனையும் கேட்டல் ஆகாதோ? அங்ஙனம் கூறுதலும் தவறே. வரி கொடாத குடிகளைக் கொண்ட நாட்டில் மருத்துவமனை இராது, பள்ளிக்கூடம் இராது. 1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தமையால் எத்துணையோ ஏழைச் சிறுவர் கல்லூரி வாயிலை மிதித்தனர். அதற்காகும் செலவு, பிள்ளைப் பேறு இல்லாதாரிடமும் கொள்ளப்பட்ட பொதுப் பணமே. ஆகவே சுமை உண்டோ இல்லையோ என்பது வினாவன்று. சுமப்போனைச் சுமையின் காரணங் கூறி இணங்குவிக்க முடியுமோ என்பதே வினா.

இவ்வளவுகோலைப் பிளேட்டோவின் நூலிலிருந்தே நாம் பெறலாம். ஏழாம் பகுதியில், குகையை விட்டு வெளியேறி ஒளியைக் கண்ட ஞானியர் மீண்டும் குகையினுள் இறங்கி நகரை ஆளுதல் வேண்டும் என்கின்றார் சோக்கிரதர். அவர்க்கு இது அநீதியன்றோ என்று தடை எழுகின்றது. சட்டத்தின் நோக்கம் ஒரு வகுப்பாரின் இன்பமன்று என்ற பழைய விடையைக் கூறியதோடு சோக்கிரதர் அமையவில்லை. அந்த ஞானியரையே முன்னிலைப்படுத்திப் பேசுகின்றார். உங்களை வளர்த்ததும் கற்பித்ததும் இந்நகரமே. ஆதலின் நீவிர் அதற்குக் கடன்பட்டுள்ளீர் என்று காரணங் காட்டுகின்றார். ஈண்டு முழுமையின் நலம் என்னும் பேச்சு மட்டும் போதாது என்பதைப் பிளேட்டோ தம்மையறியாமலே ஒப்புக்கொள்கின்றார் எனலாம்.

ஆயின் மூன்றாம் பகுதியில் வரும் தச்சனின் நிலை வேறு. நோயுற்ற தச்சனுக்கு மருத்துவன் நெடுங்காலச் சிகிச்சையை விதித்தால், நோயாளியாய்க் கிடக்க எனக்கு நேரமில்லை என்று அவன் தொழிலுக்கே திரும்பிவிடுவான். உடல் தேறினால் வாழ்வான். தேறாவிடின் இறந்து தொல்லைகள் நீங்கப் பெறுவான் என்று சோக்கிரதர் புகழ்ந்து பேசுகின்றார். தனக்கும் நகருக்கும் பயன்படாத உடலைக் காத்தல் மருத்துவத்தின் பணியன்று என்றும் கூறுகின்றார். ஈண்டு எவரும் தச்சனை நோக்கிக் காரணங் கூறினாரில்லை. தச்சன் வாயில் விடை இடப்பட்டது. ஞானியிடம் வாதிட்ட நகரம் தச்சனிடம் வாதிடவில்லை. பிளேட்டோவின் வாதம் வழுவும் இடம் இதுவே.

தமிழிலக்கியத்தில் இவ்வினாவைச் சிலப்பதிகாரத்தைப் போல ஆழ்ந்து நோக்கிய நூல் அரிது. ஆராயாது விதித்த ஆணையால் கோவலன் கொலையுண்டான். அவன் வேற்று நாட்டான், செல்வம் இழந்தவன், அவனுக்காகப் பேச ஒரு பெண்ணன்றி வேறொருவர் இலர். பாண்டியன் நெடுஞ்செழியன் தன் நாடு வளமுற்றிருப்பதையும், தன் ஆட்சி பொதுவில் நன்றாயிருப்பதையும் எடுத்துக் கூறித் தப்பியிருக்கலாம். அவன் அவ்வாறு செய்தானல்லன். வாயிலில் நின்றவளை உள்ளே அழைத்தான். அவள் வழக்கைக் கேட்டான். உடைத்த சிலம்பினின்று மாணிக்கம் தெறித்தபோது தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர் நீத்தான். ஒருவனுக்கு இழைத்த அநீதியை ஏனையோரின் நல்வாழ்வு ஈடுசெய்யாது என்பதை அவன் இறப்பு உணர்த்துகின்றது.

ஆயின் கதை அங்கு முடியவில்லை. கண்ணகி மதுரையை எரித்தாள். நகரின் நலத்துக்காக ஒருவனைப் பலியிடுதல் தவறாயின், ஒருவனின் பொருட்டு நகரைப் பலியிடுதலும் தவறன்றோ? நகரைப் பிரிவற்ற ஒரே உடலாகக் கருதுதல் இரண்டிலும் காணப்படும் பிழையாகும். இளங்கோவடிகள் இதனை உணர்ந்திருந்தார் என்றே கொள்ளவேண்டும். அந்தணர், அறநெறியாளர், ஆனினம், கற்புடை மகளிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விடுத்துத் தீயோரையே சாருமாறு தீக்கடவுள் பணிக்கப்படுகின்றான். சினத்தின் உச்சியிலும் நகரம் ஓருடலன்று, வெவ்வேறு உயிர்களின் கூட்டம் என்ற எண்ணம் காப்பியத்தில் அழியாது நிற்கின்றது.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இலங்கையின் வரலாறே சான்றாகும். பல்லாண்டுகளாக நாட்டின் ஏற்றுமதியில் தேயிலை முதலிடம் வகித்தது. அதன் வருவாயால் நாடு தழைத்தது. அதனைப் பறித்த மலையகத் தமிழரோ நெருக்கமான லயன் அறைகளில் வாழ்ந்தனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் அவர் கையினின்று நழுவியது. 1964 இல் சிறிமாவோ சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்க விடப்பட்டது. 1974 இல் அத்தொகை இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. இரட்டைப்படை எண்ணைச் சரிபாதியாக்கல் எளிது. குடும்பங்களை அங்ஙனம் பகுத்தல் எளிதன்று. இரண்டு அரசுகள் தத்தம் நாட்டு நலனைக் கருதிச் செய்த அவ்வொப்பந்தத்தில், அதனால் வாழ்வு மாறிய மக்கள் ஒரு தரப்பினராய் அமர்ந்தாரல்லர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று. பிளேட்டோ தச்சனுக்குச் செய்ததையே அரசுகள் இம்மக்களுக்குச் செய்தன. அவர்க்கும் சேர்த்து விடை கூறப்பட்டது, அவரிடம் வினாவப்படவில்லை.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது ஒன்று. நாட்டின் வெற்றி என்பது குடிகளின் நலத்துக்கு அப்பாற்பட்ட தனிப்பொருளன்று. ஆதலின் அது குடிகளின் நலத்தை விஞ்சுமோ என்று வினவுதலே ஒரு மயக்கத்தை உட்கொண்டுள்ளது. உண்மையில் நிறுக்கப்படுவது சிலரின் நலத்தோடு வேறு சிலரின் நலமே. அதனை மறைத்து, முழுமை என்னும் பெரும் பெயரைத் தராசுத்தட்டில் இடும்போது நாம் விழிப்புற வேண்டும். யாருக்காகச் சுமக்கின்றோம் என்று சுமப்போன் கேட்குமிடத்து, அவன் முகத்தை நோக்கி விடை கூறக்கூடிய அரசே அச்சுமையை ஏற்ற உரிமை உடையது. நாளை அரசாங்க அலுவலகங்களிலும், மருத்துவமனைகளிலும், நீதிமன்றங்களிலும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்கள், தம் மேசைமீது வரும் தொகைகளை நோக்கும்போதெல்லாம் அவை யாருடைய வாழ்வைச் சுருக்கி எழுதியவை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.