அளவுகோலையும் அளக்க வேண்டும்

புதிய தராசு வாங்கினால் முதலில் என்ன செய்வீர்கள்? எடை தெரிந்த படிக்கல்லை வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பீர்கள். மனிதரின் தகுதியை நிறுக்கும் சட்டங்களுக்கும் இச்சோதனை தேவை. வெளிநாட்டில் பயின்ற மருத்துவச் சோதனைக்கூடப் பணியாளர்களுக்கு அமெரிக்காவில் விதிக்கப்படும் உரிம நிபந்தனைகளை அவ்வாறே நிறுத்துப் பார்ப்போம்.

தகுதியைச் சோதிப்பது அவசியமே. நலமுள்ள ஒருவரின் குருதிநீரில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும். சிவப்பணுக்களுக்குள்ளோ அது பன்மடங்கு. குருதியை எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால், உள்ளிருந்த பொட்டாசியம் கசிந்து அளவு கூடிவிடும். கருவி அளந்தது சரிதான். நோயாளியைப் பற்றி அது சொல்வதுதான் தவறு. இதை உணராதவர் முடிவை எழுதி அனுப்பினால், இல்லாத கோளாறுக்கு மருத்துவம் நடக்கும்.

ஆனால் அங்குள்ள ஏற்பாடு எத்தகையது? 'கிளியா' எனப்படும் 1988ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சோதனைக்கூடங்களின் தரத்தையும் பணியாளரின் குறைந்தபட்சக் கல்வியையும் வரையறுக்கிறது. தனி உரிமம் வேண்டுமா என்பது மாநிலங்களின் விருப்பம். பெரும்பாலான மாநிலங்கள் கேட்பதில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில கேட்கின்றன. கலிஃபோர்னியாவையும் அரிசோனாவையும் பிரிப்பது கொலராடோ ஆறு. அரிசோனாவில் மாநில உரிமமின்றிக் குருதியை ஆராய்பவர், ஆற்றைக் கடந்ததும் அதே வேலையைச் செய்ய இயலாது. குருதியோ இரு கரையிலும் ஒன்றுதான்!

கலிஃபோர்னியா கேட்பவை: பட்டம், இத்தனை அலகு வேதியியல், இத்தனை அலகு உயிரியல், ஓராண்டுப் பயிற்சி, ஒரு தேர்வு. பௌதிகத்தில் ஒளியும் மின்சாரமும் கற்றிருக்க வேண்டும் என்பதும் நெடுங்காலமாக இருந்துவந்த விதி. பௌதிக ஆசிரியனான எனக்கு இது மகிழ்ச்சியே. கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதைக் கொண்டுதானே குருதியிலுள்ள பல பொருள்களை அளக்கிறோம்! ஆயினும் அலகு என்பது வகுப்பில் அமர்ந்த நேரத்தின் கணக்கு. என் வகுப்புகளில் ஒரு மணியும் தவறாமல் அமர்ந்திருந்தும், மின்சுற்றை இணைக்கத் தெரியாதவர்களைக் கண்டிருக்கிறேன். மேலும், ஆண்டு முறையில் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலில் அலகு என்பதே இராது. அதை மாற்றிக் கணக்கிடுவது, படியால் அளந்த நெல்லைப் பார்த்த மாத்திரத்தில் கிலோவில் சொல்வது போன்றது.

தேர்வு அறிவைக் காட்டும், கைத்திறனைக் காட்டாது. இரண்டையும் காண வழி இல்லாமலில்லை. கிளியா சட்டப்படியே, பல சோதனைகளுக்கு ஆண்டுக்கு மூன்று முறை, முறைக்கு ஐந்து மாதிரிகள் சோதனைக்கூடங்களுக்கு அனுப்பப்படுகின்றன. விடை அனுப்பியவருக்கு மட்டுமே தெரியும். கூடத்தை இப்படிச் சோதிக்க முடியுமானால், ஆளை ஏன் சோதிக்கக் கூடாது? பிரிட்டனின் பதிவு மன்றம் வெளிநாட்டினரின் கல்வியோடு அவர்களது பணி அனுபவத்தையும் எடைபோடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஒருநாள் சோதனையில் அதிர்ஷ்டமும் கைகொடுக்கலாமே என்பீர்கள். உண்மை. ஒரே அளவீட்டை நம்பாதே என்றுதான் நாமும் மாணவருக்குச் சொல்கிறோம். எனவே மேற்பார்வையில் சில மாதங்கள் பணியாற்றச் செய்து, பலமுறை சோதிக்கட்டும்.

உரிமம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். தகுதியற்றவரை உள்ளே விடுவது பிழை. தகுதியுள்ளவரை வெளியே நிறுத்துவதும் பிழையே. நல்ல தராசு இரு பக்கமும் சாயாது.