கண்ணீரைச் சுருக்கிய பதிப்புகள்

எலன் வூட் எழுதிய 'ஈஸ்ட் லின்' நாவலை நான் இரண்டு தடவை வாசித்திருக்கிறேன். முதலில் வாசித்தது, ஆங்கிலம் கற்போருக்கெனச் சுருக்கப்பட்ட ஒரு மெல்லிய பதிப்பு. பல வருடங்களின் பின் வாசித்தது, எலிசபெத் ஜே பதிப்பித்து ஒக்ஸ்போர்ட் 2005இல் வெளியிட்ட முழுமையான பதிப்பு. இரண்டிலும் கதை ஒன்றுதான். ஆனால் நாவல் ஒன்றல்ல. விக்டோரியா காலத்து உணர்ச்சி நாவல்களை இன்றைய வாசகருக்காக எப்படி மீள்பதிப்புச் செய்வது என்ற கேள்வி எனக்கு இந்த வித்தியாசத்திலிருந்தே எழுந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இசபெல், கணவன் கார்லைல் மீது வீணாகச் சந்தேகம் கொண்டு, லெவிசன் என்பவனுடன் வீட்டைவிட்டுப் போகிறாள். அவன் அவளைக் கைவிடுகிறான். புகையிரத விபத்தொன்றில் அவளது கைக்குழந்தை இறந்துபோக, அவளும் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. கார்லைல் மறுமணம் செய்துகொள்கிறான். முகம் சிதைந்த இசபெல், நிறக் கண்ணாடி அணிந்து, வேறு பெயரில், தன் பிள்ளைகளுக்கே ஆசிரியையாக அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். மகன் வில்லியம் காசநோயால் அவள் கண்முன்னே இறக்கிறான்.

இந்நாவலை வாசித்த நாட்களில் இரவுகளில் உம்மாவுக்கு இக்கதையைச் சொல்லி வந்தேன். வில்லியத்தின் கட்டம் வந்தபோது உம்மா கேட்டார்: "அப்ப, அது தன்ட உம்மாண்டு தெரியாமயே அந்தப் புள்ள மௌத்தாப் போகுதா?" ஆமென்றேன். அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

சுருக்கப் பதிப்பில் இந்த மரணம் அரைப்பக்கம். கதையோடு பின்னியிருக்கும் கொலை மர்மம் மட்டும் குறையாமல் இருக்கிறது. கதைசொல்லி பெண் வாசகரை நேரடியாக விளித்து, எந்தத் துன்பம் வந்தாலும் சகித்திரு, வீட்டைவிட்டுப் போகாதே என்று போதிக்கும் பகுதிகள் அடியோடு நீக்கப்பட்டிருக்கின்றன. இன்றைய வாசகருக்குப் போதனை பிடிக்காது, அழுகை அலுக்கும் என்பது பதிப்பாளரின் கணிப்பு.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. 1861இல் ரிச்சர்ட் பென்ட்லி இதை மூன்று பாகங்களாக வெளியிட்டார். அன்றைய மூன்று பாக நாவலின் வழக்கமான விலை 31 ஷிலிங் 6 பென்ஸ். அதை வாங்கக்கூடியோர் சிலரே. ஏனையோர் மியூடி போன்ற வாடகை நூலகங்களில் சந்தா கட்டி வாசித்தனர். பாகம் மூன்றானால் ஒரே நாவலை மூவருக்கு ஒரே நேரத்தில் கொடுக்கலாம். அந்த வியாபாரத்துக்காக நீட்டப்பட்ட பக்கங்கள் அக்கால நாவல்களில் உண்டு.

ஆனால் 'ஈஸ்ட் லின்'னின் கண்ணீர் அப்படி நீட்டப்பட்டதல்ல. கதைசொல்லி இசபெல்லைக் கண்டிக்கிறார். காட்சிகளோ அவள்மீது இரங்குகின்றன. நாவலின் உயிர் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. போதனையை நீக்கினால் இரக்கத்துக்கு எதிராளி இல்லாமற் போகிறது. அழுகையைக் குறைத்தாலோ தண்டனை மட்டுமே மிஞ்சுகிறது.

அந்த அழுகைக்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, மனைவியின் பிறன்மனை உறவு ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவியோ அதற்கு மேலாகக் கொடுமை, கைவிடல் போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும். சிறு பிள்ளைகளைக் கோரத் தாய்க்கு முதன்முதல் வழிவிட்ட 1839ஆம் ஆண்டுச் சட்டமும், இத்தகைய குற்றம் நிரூபிக்கப்பட்ட தாயை விலக்கியே வைத்தது. அந்தத் தடை நீங்கியது 1873இல். மாறுவேடம் பூண்டாலன்றித் தன் பிள்ளையை அணைக்க வழியில்லாத தாயின் கதை, வெறும் கற்பனை மிகை ஆகாது.

எனவே நல்ல மீள்பதிப்பின் வேலை மூலத்தை முழுமையாகத் தருவதும், இவ்வாறான பின்புலத்தை முன்னுரையிலும் குறிப்புகளிலும் விளக்குவதுமாகும். உரிமைக்காலம் முடிந்த நூல் என்பதால் எவரும் அச்சிடலாம். குறிப்பு ஒன்றுமில்லாமல் அச்சிட்டுத் தள்ளுவது சுருக்குவதற்கு அடுத்த தவறு. கண்ணீருக்காக வாசகரிடம் மன்னிப்புக் கேட்கும் முன்னுரையும் வேண்டாம். 'எடின்பரோ ரிவியூ'வில் எழுத்தாளர்களைக் கடுமையாகச் சாடிய பிரான்சிஸ் ஜெப்ரியே, டிக்கன்ஸின் சிறுமி நெல்லுக்காக அழுதவர். மாறாக, கதையறிவு மிக்க ஜோர்ஜ் மெரிடித், பதிப்பகமொன்றின் வாசகராக இருந்து 'ஈஸ்ட் லின்'னை நிராகரித்தார். விமர்சகனின் ருசியும் தவறக்கூடும்.

இதை நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் எம்மவரான பெண் எழுத்தாளர் ஒருவரின் நாவலுக்கு மதிப்புரை எழுதினேன். தலாக் சொல்லப்பட்ட ஒரு தாய், வாப்பா வீட்டில் வளரும் தன் பிள்ளையைப் பார்க்க, பாடசாலை விடும் நேரத்தில் மதிலோரம் நிற்பாள். அந்தக் காட்சி நான்கு தடவை வருகிறது. ஒன்று போதும், மற்றவை அழுகுணித்தனம் என்று எழுதினேன். அதன் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. அதற்கு என் மதிப்புரைதான் காரணமா என்று நான் அவரிடம் கேட்டதில்லை.

அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் அங்கே நின்றவள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்நாவல் என்றாவது மீள்பதிப்புக் காணுமானால், நான்கு காட்சிகளும் அப்படியே இருக்கட்டும். என் மதிப்புரையை எவரும் அதில் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டாம்.