திரைமுன் ஆடலும் உடலியைபும்: ஒரு மதிப்பீடு

எழுதுகோலைச் செவ்வனே பற்றமாட்டாது திணறும் பிள்ளையையும், சட்டைப் பொத்தானைப் பூட்ட நெடுநேரம் உழலும் பிள்ளையையும், எறிந்த பந்தைக் கைநழுவவிட்டு நிற்கும் பிள்ளையையும் காணும்போது, சோம்பேறியென்றோ கவனமற்றதென்றோ பெற்றோரும் ஆசிரியரும் எளிதிற் கூறிவிடுகின்றனர். பார்வைக் குறையோ, நரம்பு நோயோ, அறிவுக் குறைவோ காரணமாகாதவிடத்தும் இந்நிலை நேர்தல் உண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூல் 1987ஆம் ஆண்டில் இதனைத் தனியொரு குறைபாடாக ஏற்றது. 1994ஆம் ஆண்டிற் கனடாவிலுள்ள லண்டன் நகரிற் கூடிய அறிஞர், 'வளர்ச்சிசார் இயக்க இயைபுக் குறைபாடு' என்னும் பொருள்தரும் பெயரையே பொதுவாக வழங்குவதெனத் தீர்மானித்தனர். ஐந்து முதற் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு 5 அல்லது 6 பேர் இதற்கு ஆளாகின்றனர் என்பது அவ்வகைப்பாட்டு நூலின் பிற்பதிப்பு தரும் கணிப்பு. அஃதாவது, நாற்பது பேர் பயிலும் ஒரு வகுப்பில் இருவரேனும் இருத்தல் கூடும்.

இப்பிள்ளைகளுக்கேற்ற சிகிச்சையாக, உடலசைத்து ஆடும் வீடியோ விளையாட்டுக்கள் அண்மைக் காலத்திற் பலராலும் எடுத்துரைக்கப்படுகின்றன. நின்டெண்டோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'வீ' கருவியும், 2007இல் அதனோடு வந்து சேர்ந்த 'வீ ஃபிட்' சமநிலைப் பலகையும், மைக்ரோசொஃப்ட் 2010இல் வெளியிட்ட 'கினெக்ட்' உணர்கருவியும், விரலால் ஆடிய ஆட்டத்தை முழுவுடலால் ஆடும் ஆட்டமாக்கின. பலகைமீது நின்று உடலை இருமருங்குஞ் சாய்த்தால், திரையிலுள்ள உருவம் பனிமலையில் வளைந்து சறுக்கிச் செல்லும்.

இவற்றின்பால் அறிஞர் நாட்டங் கொண்டமைக்குக் காரணம் இல்லாமலில்லை. இயக்கத் திறன் பன்முறை செய்தலாற் படிவது. ஆயின் ஒன்றைப் பன்முறை செய்யப் பிள்ளை விரும்புவதில்லை. விளையாட்டோ அதனை விரும்பச் செய்கின்றது. செய்தது சரியோ பிழையோ என்பதைக் கருவி உடனே காட்டுகின்றது. கடினத்தைப் படிப்படியாக உயர்த்துகின்றது. யாவற்றினும் மேலாக, தவறி விழும் பிள்ளையைப் பார்த்து நகைப்பார் அங்கு ஒருவருமிலர். மைதானத்தில் ஏளனத்துக்கு அஞ்சி ஒதுங்கிய பிள்ளைக்கு இஃது அற்பமான உதவியன்று.

இனி, ஆய்வுகள் கூறுவதைக் காண்பாம். 2014இல் வெளியான பிரித்தானிய முன்னோடி ஆய்வொன்றிற் பதினெட்டுப் பிள்ளைகள் பாடசாலையில் வாரம் மும்முறை, முறைக்குப் பத்து நிமிடமாக, ஒரு மாதம் வீ ஃபிட் ஆடினர். பலரிடம் இயக்கத் திறனும் தம் ஆற்றல்பற்றிய எண்ணமும் உயர்ந்தன, எல்லாரிடத்தும் உயரவில்லை. 2013இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வு, வறிய சமூகத்துப் பாடசாலைகளில் இருவகைப் பயிற்சிகளை ஒப்பிட்டது. அன்றாடச் செயல்களையே கூறுகூறாகப் பயிற்றும் முறையிற் பயின்றோர் இயக்கத் திறனிலும் தசை வலுவிலும் வீ ஃபிட் ஆடினோரை விஞ்சினர். ஆயினும், முன்னையோர் ஒன்பது வாரமும் பின்னையோர் ஆறு வாரமுமே பயின்றனர். காலம் ஒவ்வாதவிடத்து, வெற்றி முறையினாலாயதோ நேரத்தினாலாயதோ என்பது ஐயத்துக்குரியதே.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, அவுஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு. பிள்ளைகள் பதினாறு வாரம் தத்தம் வீட்டிலே இவ்விளையாட்டுக்களை ஆடினர். அளவைகொண்டு சோதித்தபோது இயைபுத் திறன் குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. ஆனாற் பிள்ளைகளோ தம் திறன் வளர்ந்ததென்றே உணர்ந்தனர்.

இவ்வுணர்வை ஊதியமென்று கொள்வதா, மயக்கமென்று தள்ளுவதா? 'நம்பிக்கையே பாதி வெற்றி' என்பார் ஊதியமெனக் கொள்வர். அக்கூற்றில் உண்மை உண்டு. தன்னைக் கையாலாகாதவன் என்று எண்ணிய பிள்ளை எதனையும் முயலாது. ஆனால் அந்நம்பிக்கை அப்பிள்ளையை அறைக்கு வெளியே கொண்டு சென்றதா என்பதே உரைகல்லாகும். அதே பிள்ளைகளின் அன்றாட உடலுழைப்பையும் ஆய்வாளர் கருவிகொண்டு அளந்தனர், அதுவும் கூடவில்லை. திரைமுன் பிறந்த துணிவு திரைமுன்னேயே தங்கிவிட்டது. மறுநாள் மெய்யான பந்து கைநழுவும்போது அப்பிள்ளை படும் ஏமாற்றம் முன்னையதினும் பெரிதாகலாம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

குறை எங்கே உள்ளது? கற்ற திறன் கற்ற சூழலைவிட்டு எளிதிற் பெயர்வதில்லை என்பதே விடை. பலகைமேற் சாய்ந்து பழகிய உடல் சாய்வதிலே தேர்ச்சி பெறும். பாதணி நாடாவைக் கட்டவும் எழுத்தை வரியில் நிறுத்தவும் அத்தேர்ச்சி உதவாது. திரையிலுள்ள பந்துக்குப் பாரமில்லை, கையிற்பட்டால் நோவதுமில்லை. மேலும், கருவி கேட்பது புள்ளியை. பிள்ளைக்கு வேண்டுவதோ தன் சட்டையைத் தானே அணிதல். கனடாவில் உருவான ஒரு முறையிற் பிள்ளையே தான் கற்க விரும்புஞ் செயலைத் தெரிந்து, குறிக்கோள், திட்டம், செய்கை, சரிபார்ப்பு என்னும் நான்கு படியிற் பயில்கின்றது. 2019இல் வெளியான பன்னாட்டுப் பரிந்துரைகளும் செயலையும் பங்கேற்பையும் நோக்கிய பயிற்சியையே முதன்மைப்படுத்துகின்றன. அங்கே பிள்ளை தலைவன். கருவிமுன் அது வெறும் ஆட்டக்காரன்.

வாணிகத்தின் போக்கும் ஈண்டுக் கருதத்தக்கது. வீட்டு விளையாட்டுக்குரிய கினெக்ட்டின் உற்பத்தி 2017இல் நிறுத்தப்பட்டது. ஆய்வு ஒரு கருவியைச் சோதித்து முடிக்குமுன் கடை அதனைக் கைவிட்டுவிடுகின்றது. பிள்ளையின் நலனைச் சந்தையின் மனம்போல மாறும் பொருளோடு பிணித்தல் தகாது.

ஆதலின், இவ்விளையாட்டுக்கள் தள்ளத்தக்கன என்பது எம் கருத்தன்று. அறிந்தாரொருவர் அருகிருந்து நெறிப்படுத்துமிடத்து, ஏளனத்துக்கு அஞ்சும் பிள்ளைக்கு முதற்படியாகவும், பிற பயிற்சிக்குத் துணையாகவும் அவை அமைதல் கூடும். பயிற்சிக்கு ஈடாக அவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று அமைவதே பிழை. கருவி வாங்க இயலாத பெற்றோரும் அதுபற்றிக் கவலுறவேண்டுவதில்லை. பிள்ளை அன்றாடம் இடர்ப்படுஞ் செயல் ஒன்றனைத் தெரிந்து, அதனைச் சிறுசிறு படிகளாக்கி, நகையாது, விரையாது, நாடோறுஞ் சிறிது பயிற்றுவார் ஒருவர் வேண்டும். அதற்கு முன்னர், அப்பிள்ளை சோம்பேறியன்று என்பதை ஆசிரியர் அறிதல் வேண்டும். வகுப்பறையில் அவ்வறிவு வேரூன்றுமாயின், எந்தத் திரையும் தரவொண்ணாத துணை அப்பிள்ளைக்கு அங்கேயே வாய்த்துவிடும்.