மாடஸ்டியை யார் வாசித்தார்கள்?

1984-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த லயன் காமிக்ஸின் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே ஆண்டு ஸ்பைடரும் வந்தான். லயன் என்றதும் பல ஆண் வாசகர்கள் சொல்வது ஸ்பைடரைத்தான். இருவருமே குற்றக் கும்பலை நடத்தியவர்கள்.

ஸ்பைடருக்குக் கும்பல் ஒரு சிம்மாசனம். குற்ற உலகின் சக்கரவர்த்தியாக வேண்டும் அவனுக்கு. போரில் அநாதையான அகதிச் சிறுமி மாடஸ்டிக்கு அது கூரை. டாஞ்சியரில் கும்பலைக் கட்டி நடத்தியவள், போதுமான பணம் சேர்ந்ததும் தானே விலகினாள். அவளை 'இளவரசி' என்றழைக்கும் வில்லி கார்வின், காதலன் ஆகாமலே கடைசிவரை தோழனாக நிற்கிறான்.

ராஜபாளையத்தில் அண்ணன்மார் படித்து முடித்த பிறகே காமிக்ஸ் எங்கள் கைக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழியும் நானும் மாடஸ்டியையே திரும்பத் திரும்பப் படித்தோம். யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் பெண்ணை எங்கள் தெருக்களில் பார்த்ததில்லை. அவள் பெயருக்கு 'அடக்கம்' என்று பொருள் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. சிரித்தோம்.

கதை அவளுக்குத் தலைமையைத் தருகிறது; ஓவியமோ அவள் உடலை ஆண் கண்ணுக்கு விருந்தாக்குகிறது. அண்ணன்மார் அந்தக் கட்டங்களில் நின்றார்கள். நாங்கள் அவள் ஆணையிடும் கட்டங்களில். ரசிகர் நினைவுகளில் அவர்கள் வாசிப்பே பதிவாகிறது. நம்முடையதை நாம்தான் எழுத வேண்டும்.