நன்னூல் கூறும் ஆசிரியரும் வளர்ந்தோர் கல்வியும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றியது நன்னூல். அதன் பொதுப்பாயிரம் இளமாணாக்கர் குருவுக்கு அடங்கி ஒழுகும் முறையையே உரைப்பதென்றும், இக்காலத்துக்கு ஒவ்வாதென்றும் கருதுவாருளர். அக்கருத்தின் வன்மை மென்மைகள், வளர்ந்தோர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரைப் பயிற்றும் பணியோடு அப்பகுதியை ஒப்பிடுமிடத்துப் புலனாகும்.

இங்கிலாந்திலே தொழிற்கல்லூரிகளிலும் மாலை வகுப்புகளிலும் கற்பிப்போர் பலர், முன்னர்த் தச்சராயும் மின்வினைஞராயும் கணக்கராயும் விளங்கியோர். தொழிலறிவு நிரம்பியோர்க்குக் கற்பித்தற் பயிற்சியும் வேண்டுமோ என்பது அங்கு நெடுங்கால வினா. 2001ஆம் ஆண்டில் அத்தகைமையை வேண்டும் விதி வந்தது. 2007இல் அது விரிவாக்கப்பட்டது. 2012இல் லிங்பீல்ட் பிரபுவின் தலைமையில் ஆராய்ந்த குழு அவ்விதிகளை நீக்குமாறு பரிந்துரைக்க, 2013இல் அவை நீக்கப்பட்டன. தகைமையை வேண்டுவதும் விடுவதும் கல்லூரிகளின் விருப்பாயின.

இவ்வினாவுக்கு நன்னூலிலே விடையுண்டு. ஆசிரியராகாதார்க்கு அது நான்கு உவமை கூறுகின்றது. கழற்குடம் பெய்த முறையன்றிக் காய்களைக் கொட்டும். மடற்பனை தானாகப் பழம் உதிர்த்தாலன்றிப் பிறரை அணுகவிடாது. பருத்திக்குண்டிகை சிறிது சிறிதாகவே வருந்தி ஈயும். முடத்தெங்கு நீர்வார்த்தவனை விடுத்து அயலானுக்குக் காய்தரும். இந்நான்கினுள் வெறுமையானது ஒன்றுமில்லை. குறையெல்லாம் கொடுக்கும் முறையிலேயே உளது. பொருளறிவு மட்டும் ஒருவனை ஆசிரியனாக்காதென்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

எனினும், நன்னூலார் மாணாக்கரை வகுத்த முறை வளர்ந்தோர் கல்விக்கு முற்றும் பொருந்துவதன்று. நோயாளர், உறங்குவோர், மந்தமதியினர், பழைய நூலுக்கு அஞ்சித் தடுமாறுவோர் ஆகியோரையும் அவர் நூல் கேட்கத் தகாதார் வரிசையில் வைத்தார். வளர்ந்தோர் வகுப்போ இத்தகையோர்க்காகவும் அமைந்தது. பகலெல்லாம் உழைத்து மாலையில் வருபவன் கண்ணயர்தலும், இளமையிற் கல்வி இழந்தவன் புத்தகத்தைக் கண்டு மருளுதலும் இயல்பு. அவர்களை இல்லிக்குடமென்று தள்ளுதல் ஆசிரியத் தொழிலையே கைவிடுதலாகும்.

ஆயின், அந்நூலே இக்குறைக்கு மருந்தும் தருகின்றது. கொள்பவன் எவ்வாறு கொள்வானென அறிந்து, அவனுளம் ஏற்கக் கற்பிக்கவேண்டுமென்பது அதன் விதி. அன்றியும், ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன்கற்போரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு விரித்துரைத்தலால் நிரம்பும் என்கின்றது. குருவை உயர்த்திய நூலே அவர் பங்கினைக் காலாக அளந்தமை சிந்திக்கற்பாலது.

ஆசிரியப் பயிற்சியின் அடிப்படையும் இதுவே. பயிலுநர் விரிவுரை கேட்பதனோடு அமையாது, உடன்பயில்வோரோடு ஆராய்ந்து, வகுப்பிற் கற்பித்துத் திருத்தம் பெறுகின்றனர். வாழ்க்கை அனுபவம் மிக்க வளர்ந்தோரிடத்து இம்முறை மேலும் பயன்தரும். அவர் ஒருவர்க்கொருவர் உரைப்பதற்கும் பொருள் நிரம்ப உண்டு.

ஆதலின், பொதுப்பாயிரத்தைப் பழைமையென ஒதுக்குதலும், ஆராயாது முழுவதும் போற்றுதலும் தக்கனவல்ல. தகாதார் வரிசையை நீக்கிக் காற்பங்குக் கணக்கைக் கைக்கொள்ளின், அது வளர்ந்தோர் கல்வி ஆசிரியர்க்குச் சிறந்த வழிகாட்டியாகும்.