யாருடைய தனிமை?

டாரதி டே என்ற அமெரிக்க மாது 1952-ல் வெளியிட்ட சுயசரிதையின் பெயர் 'தி லாங் லோன்லினெஸ்' - நீண்ட தனிமை. 1933-ல் பீட்டர் மோரினோடு சேர்ந்து நியூயார்க்கில் 'கத்தோலிக் வொர்க்கர்' பத்திரிகையைத் தொடங்கி, பிறகு வீடற்றவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்து அவர்களோடேயே வாழ்ந்தவர் அவர்.

தலைப்பைப் பார்த்ததும், தெருவில் கிடப்பவர்களின் தனிமை என்று நினைத்தேன். படித்தால், முதலில் அது அவருடையது! கத்தோலிக்க மதத்தில் சேர்ந்ததற்காக, 1927-ல் தம் குழந்தையின் தகப்பனையே பிரிந்தவர் அல்லவா?

அன்னதானத்தில் கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே. நாம் அறிந்தது அதுதான். இங்கே இருவருக்கும் ஒரே மேஜை. பசி ஒருவருக்கு, தனிமை இருவருக்கும்.

கதை எழுதுகிறவன் என்பதால் எனக்கு ஒரு குறை உண்டு. சாப்பிட வந்தவர்களை அவர் கண் வழியாகவே பார்க்கிறோம். அவரை அவர்கள் எப்படிப் பார்த்தார்களோ? ஆனாலும், புண்ணியக் கணக்கு எழுதாத புத்தகம் இது. அதற்காகவே மறுபடியும் படிப்பேன்.