டிஃப் பூட்டினால் மணல் விடுமா?

கல்பிட்டிப் பக்கத்து ஆலங்குடாவில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை கொஞ்ச தூரத்திலேயே மணலாகிவிடும். மீன்பெட்டி ஏற்றவும் படகை இழுக்கவும் தோட்டத்து வெங்காயத்தை எடுக்கவும் கெப் அந்த மணலுக்குள் இறங்கியே ஆகவேண்டும். நாற்சில்லு இயக்கக் கெப் வாங்க எல்லோராலும் முடியாது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால், கையிலிருக்கும் இரு சில்லு இயக்கக் கெப்பின் பின் அக்சிலில் டிஃப் லொக் போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

டிஃப் என்கிற டிஃபரென்ஷல் இல்லாமல் வண்டி ஒழுங்காகத் திரும்பாது. வளைவில் வெளிச்சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுக்கும் பற்சக்கர அமைப்பை 1827இல் பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர் உருவாக்கினார். ஆனால் அது இரு சில்லுகளுக்கும் ஒரே அளவு திருகுவிசையையே பகிரும். ஒன்று சேற்றில் வழுக்கினால், காய்ந்த தரையில் நிற்கும் மற்றதுக்கும் அந்த அற்ப விசைதான் கிடைக்கும். லொக் இரண்டையும் ஒரே தண்டாகக் கட்டிவிடுகிறது. பிடிமானமுள்ள சில்லு வண்டியைத் தள்ளுகிறது. உழவு இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு இது பழைய சங்கதி. சேற்றில் ஒரு சில்லு சுற்றினால் அவர்கள் காலடியிலுள்ள டிஃப் லொக் மிதியை அழுத்துவார்கள்.

புத்தளம் களப்புப் பக்கம், உப்பளக் கரைகளில் இதன் அருமை தெரியும். அங்கே ஒரு சில்லு சேற்றிலும் மறுசில்லு இறுகிய வரம்பிலும் நிற்பது வழக்கம். படகு ட்ரெய்லரை மேடேற்றும்போதும், ஒரு பக்கச் சில்லு கிடங்கில் தொங்கும்போதும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் உயர்த்திய உடலுடைய இரு சில்லு இயக்க ஹைலக்ஸ் தொழிற்சாலையிலேயே பின் டிஃப் லொக்குடன் வருகிறது.

கடற்கரை மணலோ வேறு. அங்கே இரு பின்சில்லுகளும் ஏறக்குறைய ஒரே பதமான மணலில் நிற்கின்றன. பூட்டினால் இரண்டும் சேர்ந்து குழி தோண்டும். இயக்கமில்லாத முன்சில்லுகள் மணலை முன்னால் குவித்துத் தடுக்கின்றன. அதற்கு எந்த லொக்கிலும் மருந்தில்லை. டயர்க் காற்றை 15 முதல் 18 இறாத்தல் வரை இறக்கினால் டயர் அகன்று பதிந்து மணலின் மேல் மிதக்கும். செலவே இல்லாத இந்த வேலைதான் ஆலங்குடா மணலுக்கு முதல் வைத்தியம். தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை மீண்டும் அடிக்க ஒரு சிறு பம்பு இருந்தால் சரி.

லொக்கிலும் எந்த வகை என்பது முக்கியம். ஏ.ஆர்.பி. ஏர் லொக்கர் போன்றவை ஓட்டுநர் விரும்பும்போது மட்டும் பூட்டும். கம்பிரஸர், குழாய், சுவிட்ச் என்று செலவு ஏறும். தானியங்கி வகை மலிவு; அது வளைவில் 'டக்' என்று விட்டுப் பிடிப்பதால் ஓட்டுநர் தடுமாறலாம். டிஃப் பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து இறுக்குவது மிகவும் மலிவு, மிகவும் கெட்ட வழி. அந்த வண்டி எப்போதும் பூட்டியபடியே ஓடும். திரும்பும்போது டயர் தேயும், முன்பக்கம் நேராக ஓடப் பார்க்கும். நனைந்த தாரில் வெறும் கெப்பின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். பூட்டிய அக்சிலில் பிடிமானமுள்ள ஒரே சில்லின் தண்டு முழுச் சுமையையும் தாங்குவதால் அது முறியவும் கூடும்.

ஆகவே டிஃப் லொக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேற்றிலும் மேட்டிலும் நாள்தோறும் உழைக்கும் கெப்புக்கு, தேவையான நேரம் போட்டு எடுக்கக்கூடிய லொக் தகும். மணலில் மட்டும் சிக்குபவர் அந்தக் காசை நல்ல டயருக்கும் பம்புக்கும் போடட்டும். வெல்டிங் வைத்த டிஃபுடன் மட்டும் மழை நாளில் கல்பிட்டி வீதிக்கு ஏறாதீர்கள். அந்த வீதியில் பள்ளிப் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.